டாக்காவுக்குப் போன வேலை

சுபா,

நம் அலுவலகத்தில் நாங்கள் பார்த்துவந்த அமெரிக்க மருத்துவமனைகளின் பில் வேலையை டாக்காவில் இருபது பேருக்கு வீடியோவில் சொல்லிக்கொடுக்கச் சொன்னாய். மேலாளராகிவிட்ட தோழி கேட்கிறாளே என்று மூன்று வாரம் கற்றுக்கொடுத்தேன். நாலாவது வாரம் எங்களை வேலையைவிட்டு அனுப்பினாய்.

"அங்க சம்பளம் கம்மிடி, நான் என்ன செய்ய?" என்றாய். எங்கள் வேலை போகப்போகிறது என்று முதல் நாளே உனக்குத் தெரியும்.

இப்போது உன் வேலையும் அங்கே போய்விட்டது. பசுமலையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு உன் விண்ணப்பம் வந்தது.

"ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்ல, ஆள் எப்படிம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"நல்லாத்தான் வேலை பார்ப்பா சார். ஆனா கூட இருக்கவங்கள நம்பவச்சுக் கழுத்தறுப்பா."

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார். உன் மகளின் முகம் நினைவுக்கு வந்தது, ஆனாலும் நான் அவரைத் தடுக்கவில்லை. வேறு யாரோ கெடுத்தார்கள் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

உன் பழைய
பக்கத்து நாற்காலிக்காரி