ஒன்றேகால் மணி நேரம்

ஹூப்ளி,
4.3.2025

அன்புள்ள அக்காவுக்கு ராஜதுரை எழுதுவது.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து போனில் உன் குரலைக் கேட்க வழியில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கஞ்சி இறங்குகிறதா? மாமா எரிச்சல்படாமல் பார்த்துக்கொள்கிறாரா?

வரவில்லையே என்று குறைப்படாதே. மார்ச் முடியும்வரை ஃபேக்டரியில் லீவு கிடையாது. ஆனால் போனில் போட்டுப் பார்த்தேன். ஹூப்ளி விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையம் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர்தானாம். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி. ஒரு அவசரம் என்றால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருப்பேன்.

உன் தம்பி,
ராஜதுரை


தா.பழூர்,
17.3.2025

அன்புத் தம்பிக்கு,

கஞ்சி இறங்குகிறது. உன் மாமா எரிச்சல்படுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கணக்கை என் மகள் கீதாஞ்சலியிடம் காட்டினேன். அவளும் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா பாத்தது கோடு போட்டு அளந்த தூரம்மா. நேரா வர்ற பிளேனே கெடையாது. பெங்களூர்ல எறங்கி மாறணும்" என்றாள். காத்திருப்பதோடு சேர்த்து எட்டு மணி நேரமாம். திருச்சியிலிருந்து இங்கே வர இன்னும் இரண்டரை மணி. இந்த வெயிலில் செத்தவளை யார் அவ்வளவு நேரம் போட்டு வைத்திருப்பார்கள்? தம்பி வந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் என்னை எடுக்கவும் மாட்டார்கள்.

நான் கேட்பது அதுவல்ல. இப்போதே வா. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார். பேச முடியாதவளோடு என்ன செய்வது என்று யோசிக்காதே. சிலேட்டு வைத்திருக்கிறேன், பழையபடி திட்டுவேன். அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள், அந்த உரிமையில் கேட்கிறேன்.

அக்கா,
கமலவேணி


ஹூப்ளி,
20.5.2025

அன்புள்ள அக்கா,

இரண்டு மாதமாகப் பதில் போடாதது என் தப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று கேட்டு மனம் ஆறியது.

பன்னிரண்டாம் தேதி, "அம்மாவுக்கு நெனவு இல்ல மாமா, டாக்டர் கைய விரிச்சுட்டாரு" என்று கீதாஞ்சலி போனில் அழுதாள். அரை மணியில் கிளம்பினேன். பெங்களூரில் அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருந்தபோதுதான் நீ கண் திறந்த செய்தி வந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். ஆபத்து இல்லை என்றான பிறகு லீவை வீணாக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும் என்று அங்கிருந்தே திரும்பிவிட்டேன். போகும் வழியில் வாங்கிய சேலை பீரோவில் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ராஜதுரை


தா.பழூர்,
29.5.2025

ராஜதுரைக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். செத்திருந்தால் வந்திருப்பாய். பிழைத்ததால் திரும்பிவிட்டாய்.

கண் திறந்ததும், நீ பாதி வழியில் இருப்பதாகக் கீதாஞ்சலி சொன்னாள். மறுநாள் முழுக்க வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தேன். நர்ஸ் என்னைத் திருப்பிப் படுக்கவைக்க வந்தாள், நான் விடவில்லை. கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

எனக்கென்று பிடித்து வைத்திருக்கும் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய் வா. எடுக்கும் நாளில் உனக்காகக் காத்திருக்க வேண்டாமென்று உன் மாமாவுக்கு எழுதிக் காட்டிவிட்டேன்.

நீ வாங்கியது கோடிதானே? அதைத் தபாலில் அனுப்பிவிடு. உயிரோடு இருப்பவள் அதைக் கட்டக் கூடாது என்பார்கள். நான் கட்டிக்கொள்கிறேன். பிறந்த வீட்டுச் சேலையை என் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்.

கமலவேணி