சேவியருக்கு இன்னொரு பிளஸ் ஒன்

கிரேன் கேபினைவிட உயரத்துக்குப் போய்விட்ட என் அன்புச் சேவியருக்கு,

வெட்கக்கேடான ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானே எழுதிய நாவலைப் படித்து நானே அழுதேன். அதுவும் பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து. பக்கத்திலிருந்தவர், "என்ன அண்ணாச்சி, யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "ஆமா, போன வருசம் தவறிட்டான். இப்போ பிளஸ் ஒன் படிக்கான்" என்று சொல்லவா முடியும்?

அந்த நாவலில் நாயகன் நீதான். துறைமுகத்தில் கிரேனிலிருந்து இறங்கி, டீ வாங்கி, அதைக் குடிக்காமலேயே போய்ச் சேர்ந்தாய் அல்லவா? கதையும் அங்கேதான் தொடங்குகிறது. நாற்பத்தொன்பது வயதில் கண்ணை மூடுகிறாய். விழித்தால் பதினாறு வயது, பள்ளிக்கூடம், கடைசி பெஞ்சு, பக்கத்தில் நான். இரண்டாவது பெஞ்சில் மெர்சி. உன் மூக்கைக் கொஞ்சம் சீர்படுத்தியிருக்கிறேன். போகிற போக்கில் என் மூக்கையும்.

மெர்சியின் அப்பா பேக்கரியை நீ மறந்திருக்க மாட்டாய். முந்திரி போட்டுச் செய்யும் மக்ரூனுக்கு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் போதும். மிஞ்சுகிற மஞ்சக்கரு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். சனிக்கிழமைதோறும் தூக்குச்சட்டியோடு பின்வாசலில் போய் நிற்பாய். மெர்சி ஊற்றித் தருவாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவாய். இப்படியே இரண்டு வருசம். நாவலில் நான் அதைத்தான் காதலாக வளர்த்திருக்கிறேன். அந்த மஞ்சக்கருவில் போட்ட ஆம்லெட்டை நீ கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும் கட்டத்தைப் பதிப்பாளரே பாராட்டினார்.

ஆனால் இரண்டாவது தடவை உயிர் கொடுத்தும் நீ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். முப்பது அத்தியாயம் ஆகிவிட்டது. "மெதுவா வளருத காதல்னு சொன்னீங்க, சரி. அதுக்காக ரெண்டு பேரும் ரிட்டையர் ஆகுத வரைக்குமா?" என்கிறார் பதிப்பாளர். கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். நீ கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அது தெரியாமல் எப்படி முடிப்பது? அதைத் தெரிந்துகொள்ளாமலேயே நீ செத்துப்போனதுதான் இந்த ஒரு வருசமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

நேரே மெர்சியிடமே போனேன். இப்போது அப்பா கடையை அவள்தான் நடத்துகிறாள். அவள் வீட்டுக்காரர் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறார். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன்.

"படிச்சேன்டே," என்றாள். "அவன் கேக்கவே இல்லன்னு எழுதி வச்சிருக்க?"

"கேக்கலையே?"

"கேட்டாம்லா. பிளஸ் டூ கடைசிப் பரீச்சை முடிஞ்ச அன்னைக்கு, இந்தப் பின்வாசல்ல நின்னு. ரிசல்ட் வரட்டும், அப்புறம் வா, சொல்லுதேன்னேன். கெமிஸ்ட்ரில போயிட்டுன்னு ஆளு அந்தப் பக்கமே வரல."

அட பாவி! என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ‘அப்புறம் வா’ என்று அவளே தந்த இரண்டாவது வாய்ப்பைக் கெமிஸ்ட்ரிக்குப் பயந்து விட்டுவிட்டு, என்னை முப்பது அத்தியாயம் எழுத வைத்திருக்கிறாயே.

"வந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டேன்.

அவள் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்றாள்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஏளா, அத எனக்கும் கேக்குத மாதிரி சொல்லு!"

சிரித்துக்கொண்டேதான் பெட்டியைக் கட்டினாள். நூலை அறுக்கும்போது சிரிப்பு நின்றிருந்தது. "தோத்துப் போன ஆளு வரக்கூடாதுன்னு நான் எப்பம்டே சொன்னேன்? கதையிலயாவது அவன வரச் சொல்லு. பதில நான் சொல்லுதேன். நீயா எதையும் எழுதிராத."

அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. மக்ரூன் வாங்கவும் மறந்து வந்துவிட்டேன்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உன் கிரேனை இப்போது கயத்தாற்றுக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். நல்ல மனிதர், உன்னைப்போல் மேலேயிருந்து யார் தலையிலும் துப்புவதில்லையாம். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அங்கே உனக்குப் பொழுது எப்படிப் போகிறது? பேச்சுத்துணைக்காவது ஆள் இருக்கிறதா?

கடைசி அத்தியாயத்திலும் உன்னைக் கெமிஸ்ட்ரியில் தோற்கடிக்கத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அந்த மார்க் ஷீட்டோடு உன்னைப் பேக்கரியின் பின்வாசல் வரை கொண்டுபோய் நிறுத்துவேன். அவள் சரி என்றாலும், போடா என்றாலும், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் அம்மா கைச்சோற்றில் பங்கு வாங்கி வளர்ந்த, உனக்கு மூன்று மாதம் இளைய தம்பி,
தனபால்

பி.கு.: அந்த ஆம்லெட் கட்டத்தை மட்டும் நான் திருத்தப் போவதில்லை. உனக்கு முட்டை வாசமே ஆகாது. உன் அம்மா போட்டுத் தந்ததை இரண்டு வருசமும் தின்று தீர்த்தது நான்தான்.