மேல்தளத்து ஒற்றை இருக்கை

2001 மார்ச், திங்கள் இரவு

அமைதிக்காக மட்டும் நான் மேலே ஏறவில்லை. டீசல் ரயிலில் எஞ்சினிலிருந்து தள்ளியிருக்கும் கடைசிப் பெட்டி, கீழே சக்கரம் இல்லாத நடுப்பகுதி, மேல்தளத்து ஒற்றை இருக்கை. இதைவிட அமைதியான இடம் அந்த வண்டியில் கிடையாது. ஆனால் இன்று நான் அங்கே ஏறியது, பக்கத்தில் யாரும் உட்கார முடியாது என்பதால்.

மதியம் மாலதிக்கு வேலை போயிற்று. எனக்குப் போகவில்லை. ஆபீசில் எதிரெதிர் மேசை எங்களுக்கு. என்ன சொல்வது என்று தெரியாமல் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டேன்.

அவளும் அதே பெட்டியில் ஏறினாள். நடுவில் திறந்த மேல்தளத்திலிருந்து கீழே எல்லாம் தெரியும். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, தினமும் போலப் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்தாள். ஒருவர் கேட்டதற்கு, “சாரி, மை ஃப்ரெண்ட் இஸ் கமிங்” என்றாள். வண்டி நகர்ந்த பிறகும் பையை எடுக்கவில்லை. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். கொஞ்சம் எஞ்சின் சத்தம் இருந்திருந்தால் தேவலை. அவள் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

தன் ஊரான மவுண்டன் வியூ ஸ்டேஷனில் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தால் ஆன்சரிங் மெஷினில் அவள் குரல். “எங்கடி போயிட்ட? ட்ரெயின்ல காணோம். உன்னையும் அனுப்பிட்டாங்களா? தனியா உக்காந்து அழாத. கால் பண்ணு.”

மூன்று முறை கேட்டேன். மீட்டிங் இருந்தது என்று ஒரு பொய் தயாராக இருந்தது.

சற்று முன் அவளைக் கூப்பிட்டேன். “மேலதான்டி உக்காந்திருந்தேன்” என்றேன். அவள் பேசும்வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன்.