கத்திரியில் விழுந்த பனி

அன்பு மகள் ஆர்த்திக்கு, அம்மா எழுதுவது. இங்கே வேங்கிக்காலில் நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே ஹாலந்தில் நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரிலும் நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக இருக்கும்படி அண்ணாமலையார் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவிலேயே அம்மா அம்மா என்று குறுக்கே பேசுவாய், நானும் சரி விடு என்று இறங்கி வந்துவிடுவேன், அதற்காகத்தான் காகிதம். சக்கரவர்த்தி மாமா மகள் எழில் கொண்டுவந்து கொடுத்த இந்தப் பெட்டியைத் திறந்ததும் நீ முதலில் உன் லென்ஸைத்தான் தேடியிருப்பாய். பருப்புப் பொடிக்கு அடியில் கையை விட்டிருப்பாய், சுடிதார் துணியை உதறிப் பார்த்திருப்பாய். தேடாதே கண்ணு. மறந்து போகவில்லை, எழிலும் தொலைக்கவில்லை. நான்தான் வைக்கவில்லை.

போன மாதம் நீ கேட்டபோது, இங்கயும் ஒரு கேமரா குரூப்ல சேர்ந்துட்டேம்மா, என் பழைய ஃபிஃப்டி லென்ஸை எழில்கிட்ட குடுத்தனுப்புன்னு ஆசையாகச் சொன்னாய். நானும் அதுக்கென்ன, குடுத்தனுப்பிட்டா போச்சுன்னு சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து நீ கேட்டு நான் இல்லையென்று சொன்ன சாமான் ஒன்று உண்டா? அம்மிக்கல்லைக் கேட்டிருந்தால்கூட அப்பா தலையில் தூக்கிவைத்து ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதுவும் அந்த லென்ஸ், காலேஜ் படிக்கும்போது மெட்ராஸில் தெருத்தெருவாக அலைந்து நீ தேடிப் பிடித்தது, ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாய். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் வைக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, பாதியில் போனை எடுக்காதே.

உன் பழைய நம்பரை பேங்க் மெசேஜுக்காக என் பழைய போனில் போட்டு வைத்திருக்கிறோம் இல்லையா, அதில் நீ இருந்த மலைமுகம் வாட்ஸ்அப் குரூப்பும் அப்படியே இருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆளுக்கு ஒரு மலைப் படம், அவரவர் இருக்கிற இடத்திலிருந்து எடுத்தது, கீழே எந்த கேமரா எந்த லென்ஸ் என்று எழுத வேண்டும், கம்ப்யூட்டரில் போட்டு மெருகேற்றக் கூடாது, இதெல்லாம் உனக்குத் தெரிந்த சட்டம்தான். நான் ஆரம்பத்தில் சீரியல் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த லென்ஸ் பெரிசா இந்த லென்ஸ் பெரிசா என்று அவர்கள் போடுகிற சண்டையில் பாதி எனக்குப் புரியாது, ஆனால் சுவாரசியமாக இருக்கும். பல்லு டாக்டர் கவியா ஒன்று சொன்னால் ரிட்டையர்டு வாத்தியார் ஆதிமூலம் சார் ஒன்று சொல்வார். அவரிடம் உலக்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் இருக்கிறது, மலை மேலே குரங்கு பேன் பார்ப்பதை ஏரிக்கரையில் நின்று எடுத்துவிடுவார். பிறகு ஒரு நாள் பீரோவிலிருந்து உன் கேமராவை எடுத்தேன். அதற்கு நீதான் காரணம், பேட்டரியை அப்பப்ப சார்ஜ் போடும்மான்னு சொல்லிவிட்டுப் போனவள் நீ. சார்ஜ் போட்டால் அதை என்ன சும்மா கையில் வைத்துக்கொண்டு உட்காரவா முடியும்?

வைகாசி பௌர்ணமி அன்று விடியலில் மோட்டார் போட்டு டேங்க் நிரம்பியதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். நம் மாடியிலிருந்து பார்த்தால் பௌர்ணமி விடியலில் நிலா மலைக்குப் பின்னால்தான் இறங்கும், நீ போன பிறகு குடிவந்த வீடு இது, அதனால் உனக்குத் தெரியாது. கிழக்கே வெளுக்கிறது, மேற்கே நிலா இன்னும் போகவில்லை, மலை நடுவில் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று தெரியாத ஒரு நிறத்தில் நிற்கிறது. கேமராவைக் கீழே போய் எடுத்துக்கொண்டு வந்து ஒன்றே ஒன்று அமுக்கினேன். போனில் ஏற்றிப் பார்த்தபோது எனக்கே மேலெல்லாம் சிலிர்த்தது ஆர்த்தி. மலை தரையில் இல்லை. பால் காய்ச்சும்போது எழும்புகிற ஆவி மாதிரி ஒரு வெண்மை, அதில் மலை மிதக்கிறது, நிலா சுற்றிலும் கரைந்து பெரிசாக இருக்கிறது. குரூப்பில் போட்டேன். ஆர்த்தி, ஊருக்கு வந்துட்டியான்னு எல்லோரும் கேட்க, இல்லைங்க நான் அவ அம்மான்னு எழுதினேன், அன்றிலிருந்து எனக்கு அங்கே ஆர்த்தி அம்மா என்று பெயர்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேள். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது, திருவண்ணாமலையில் ஏது பனின்னு ஒருவர் ஆரம்பித்தார். கவியா, ஃபில்டர் போட்டீங்களா ஆன்ட்டின்னு கேட்டாள். ஃபில்டர் என்றால் எனக்குத் தெரிந்தது காபி ஃபில்டர்தான் என்றேன். ஆதிமூலம் சார் மட்டும் விடவில்லை, வேங்கிக்கால் பக்கம் ஏரி ஈரம் ஜாஸ்தி, விடியல்ல மூட்டம் எறங்கும், நான் நாப்பது வருஷமா பார்க்கிறேன்னு அடித்துச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் மறுநாள் இருட்டோடு டிவிஎஸ்ஸில் உலக்கை லென்ஸும் மூன்று கால் ஸ்டாண்டுமாக நம் மாடிக்கே வந்துவிட்டார்! அவரும் எடுத்தார், நானும் எடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், அவர் கேமராவில் மலை துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, என் கேமராவில் பனி. அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். அடுத்த நாளும் வந்தார், அன்றும் பனி எனக்கு மட்டும்தான். உன் அப்பா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, ஏன் சார், உங்க மலைக்குப் பனி வரலீங்களான்னு கேட்டுவிட்டார். மனுஷனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. என்னமோ அண்ணாமலையார் எனக்கென்று தனியாகக் காட்டுகிறார் என்றுகூட நினைத்துக்கொண்டேன், சிரிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லோரும் கூடுவார்கள், ஒருவர் லென்ஸை இன்னொருவர் மாட்டிப் பார்ப்பார்கள், நான் சுண்டல் கொண்டுபோவேன், உன் போன் வருகிற நேரத்துக்குள் பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். அப்படி ஒரு நாள் கவியா உன் லென்ஸைக் கழற்றி ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் கண்ணை வைத்தாள். பல்லில் சொத்தை பார்க்கிற அதே முகம். என்னையும் பார்க்கச் சொன்னாள். கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை வெள்ளையாக, முளைகட்டின பயறில் வேர் விடுமே, அந்த மாதிரி இழை இழையாக ஓடியிருக்கிறது. பூஞ்சை ஆன்ட்டி, ரொம்ப வருஷமா இருட்டுல பூட்டி வெச்சா வரும், யார் மேலயும் தப்பு இல்லைன்னு சொன்னாள். அவ்வளவுதான், சுற்றி இருந்தவர்கள் அவரவர் பையை மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். அது பக்கத்தில் இருக்கிற லென்ஸுக்கும் தொற்றுமாம். வாசலில் வேப்பிலை சொருகின வீட்டைப் பார்த்து ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கினார்கள். ஆதிமூலம் சார் மட்டும், பார்த்தீங்களா, பனி இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன்னு ஆரம்பித்தார். பனி உண்டென்று சண்டை போட்டவரே அவர்தான்! வீட்டுக்கு வந்து நான் அழுதேன். இத்தனை பேர் பாராட்டியது என்னை இல்லை, பூஞ்சையை என்று நினைத்தபோது மானமே போன மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி சமைக்கவில்லை, அப்பாதான் போய் பரோட்டா வாங்கி வந்தார்.

மெட்ராஸில் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறாராம். பாப்பா கேட்டுச்சு இல்ல, க்ளீன் பண்ணி குடுத்தனுப்பிடலாம், நான் பஸ்ஸுல போய்ட்டு வந்துடறேன்னு அப்பா மஞ்சள் பையோடு தயாராக நின்றார். நான்தான் மழை நிற்கட்டும் என்றேன், மழை நின்றதும் தீபாவளி போகட்டும் என்றேன். நடுவில் கவியா பாவம் பார்த்து அவளுடைய புது லென்ஸை ஒரு நாள் கொடுத்தாள். அடேயப்பா, அது காட்டுகிற காட்சி! மலையில் பாறை பாறையாக எண்ணலாம், செல்போன் டவர் தெரிகிறது, எதிர்வீட்டு வெள்ளையம்மாள் கொடியில் காயப்போட்ட துண்டில் கிழிசல் தெரிகிறது. நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எல்லோரும் பார்க்கிற மலை.

உன் லென்ஸ் காட்டுகிற மலை எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் கண் விழித்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருக்கிறதே, அந்த நிமிஷத்தில் ஜன்னல் வழியாக நான் பார்க்கிற மலை அதுதான். ஓரம் எல்லாம் கரைந்து, இன்னும் கனவு பாதி ஒட்டிக்கொண்டு, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாமல், ஆனால் ரொம்பச் சந்தோஷமாக. பால்காரர் இன்னும் மணி அடிக்கவில்லை, அப்பா காபி கேட்கவில்லை, நீ போன் பண்ணவில்லை, யாருக்கும் நான் வேண்டியதில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் எனக்கென்று இருக்கிற நேரம் அந்த ஒரு நிமிஷம்தான், அதை யாரிடமும் சொன்னதும் இல்லை, சொன்னாலும் காட்ட முடியாது. இப்போது காட்ட முடிகிறது. அதைச் சுத்தம் பண்ணிவிட்டால் உனக்கு ஒரு நல்ல லென்ஸ் வரும், எனக்கு அந்த மலை போய்விடும்.

பூஞ்சையோடு அனுப்பினால் உன் மற்ற லென்ஸுக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அனுப்பவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். அதெல்லாம் சாக்கு. எனக்கு வேண்டும், அதனால் அனுப்பவில்லை. பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன், எழில் வந்து வாசலில் நிற்கும்போது மறுபடி எடுத்துவிட்டேன். உன் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறேன், தெரியும். உனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், திட்டணும்போல இருந்தால் திட்டு, ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. புதுசு வாங்கித் தரேம்மா, அதை அனுப்புன்னு மட்டும் சொல்லாதே. புதுசில் அந்தப் பனி இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தீபத்துக்கு ஊர் முழுக்கக் கூட்டம் வருமே, அப்போது செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபி கடைச் சுவரில் குரூப் படங்களை மாட்டுகிறார்கள். என் வைகாசி நிலாவையும் எடுத்துக்கொண்டார்கள். ஆதிமூலம் சார், கெட்டுப்போன லென்ஸ்ல வந்ததை எல்லாம் படம்னு மாட்டறதான்னு சண்டைக்கு வந்தார், பிறகு தானே ஏணி மேல் ஏறி ஆணி அடித்துக் கொடுத்தார். கீழே ஒட்டுகிற அட்டையில், பூஞ்சை பிடித்த ஐம்பது எம்எம் என்று ஒளிக்காமல் எழுதிய கவியா, பேர் ஆர்த்தி அம்மான்னே போடட்டுங்களா ஆன்ட்டின்னு கேட்டாள். பச்சையம்மாள்னு போடுன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார், வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில், நல்ல பேர்தாண்டி உனக்கு என்றார்.

பருப்புப் பொடி காரம் கம்மியாகத்தான் அரைத்தேன், மாப்பிள்ளைக்கும் கொடு. உன் கேமரா சாமான்களை அடைத்து வைக்காதே, ஈரம் இழுக்கிற அந்தச் சின்னப் பொட்டலங்களைப் போட்டு வை. அங்கே வெயில் அடிக்கிற நாள் கம்மி என்றாய், அடிக்கிற அன்று லென்ஸையும் வெளியே எடு, நீயும் வெளியே போய் நில். பெட்டியின் அடியில் துணிக்கு நடுவில் அந்த நிலாப் படத்தைப் பெரிசாகப் போட்டு வைத்திருக்கிறேன், மடங்காமல் எடு. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வயசு நிறைவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மத்தியானம், எனக்குச் சாயங்காலம், எப்போதும் கூப்பிடுகிற அந்த நேரத்தில் இனிமேல் கூப்பிடாதே. போன் அடிக்கும், எடுக்க மாட்டேன், நான் ஏரிக்கரையில் இருப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
பச்சையம்மாள்