கெட்டிக் கிழங்கு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

இந்த வருடம் பண்ணையில் மாட்டுத் தீவனக் கிழங்குக்கு விதை தேர்ந்தெடுத்தது நான்தான். முதலாளி கேட்டது எடை கூடிய கெட்டி ரகம். எனக்குச் சந்தேகம். போன வருடத்துக் கிழங்கில் கெட்டி, மெது என இரண்டு ரகத்தையும் பல் தேய்ந்த பசுவின் முன் வைத்தேன். கெட்டியை நக்கிவிட்டு நகர்ந்து, மெதுவை மென்று தின்றது. மந்தையில் பாதி அப்படிப் பல் தேய்ந்ததுதான். மெது ரகத்தையே வாங்கி, நேற்று விதைத்தும் ஆயிற்று.

"எடை குறைஞ்சா நீங்க ஊருக்குக் கிளம்பிடலாம்" என்றார் முதலாளி.

"முதல்ல மாடு தின்னட்டும், அப்புறம் எடை போடுங்க" என்றேன்.

கவலை வேண்டாம், அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சுதான். நீங்கள் பல்செட்டை டப்பாவில் வைக்காமல் வாயில் போடுங்கள். தம்பியிடம் சொல்லி எழுத வைக்காமல், உங்கள் கையாலேயே நாலு வரி எழுதுங்கள். தபால் வண்டி வந்துவிட்டது.

இங்கத்துக் குளிருக்கு அனுப்புவதாகச் சொன்ன கம்பளிச் சட்டையை மட்டும் இப்போது அனுப்ப வேண்டாம். கிழங்கு தேறட்டும், சொல்கிறேன்.

உங்கள் மகள்