ஐந்து சுழி, மூன்று தப்பு

ஜனவரி 11

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அம்மாவும் நானும் சுகம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

கல்லூரிகளுக்கிடையேயான லீக்கின் மூன்றாம் சுற்று முடிவுத்தாளை உன் கல்லூரி அலுவலகம் நகலெடுத்து அனுப்பியிருந்தது. உயரம் தாண்டுதலில் உன் வரியைத் தேடிப் பார்த்தேன். ஐந்து சுழி, அதையடுத்து மூன்று பெருக்கல் குறி. இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிறேன். ஐந்து பூஜ்ஜியமும் மூன்று தப்பும் வாங்கிய தாளை இன்றுதான் பார்க்கிறேன். படுமக்குப் பிள்ளைகள்கூடப் பக்கத்துத் தாளைப் பார்த்தாவது ஒன்றைச் சரியாகப் போட்டுவிடுவார்கள்.

திட்டவில்லை. ஆனால் நாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் நினைவிருக்கட்டும். ஒரு சீசன்தான். கடைசிச் சுற்றில் முதலிடம் வந்தால் தொடரலாம். இல்லையென்றால் கல்லூரி கொடுத்த காலணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிப்பை மட்டும் பார்க்க வேண்டும். முழுப் பரீட்சை மதிப்பெண்தானே கணக்கு?

உன் அப்பா

ஜனவரி 17

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். என் அறைத்தோழி சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள்.

அப்பா, சுழி என்றால் பூஜ்ஜியம் இல்லை, தாண்டியாயிற்று என்று அர்த்தம். பெருக்கல் குறி என்றால் கம்பு விழுந்துவிட்டது. தாண்டத் தாண்டக் கம்பை உயர்த்திக்கொண்டே போவார்கள். தொடர்ந்து மூன்று முறை தட்டினால் வெளியே. அதனால் முதலாவதாக வருகிறவளும் மூன்று தப்போடுதான் வீட்டுக்குப் போவாள். ஓரத்தில் ‘இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நகலெடுத்தவர் அதை வெட்டிவிட்டார் போல. என் வரிக்கு நேரே அதில் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தார்கள்.

சிரித்து முடித்ததும் கொஞ்சம் அழுதேன். பள்ளிக்கூட நாளிலிருந்து குதிக்கிறேன், நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சுழி எதுவென்று தெரிந்திருக்கும். கடைசிச் சுற்று பிப்ரவரி இருபது. வாருங்களேன்.

உங்கள் ஒட்டடைக்குச்சி

ஜனவரி 23

அன்புள்ள மகளுக்கு,

கேள்வியைப் படிக்காமலே பதிலைத் திருத்திவிட்டேன். இந்தத் தப்பு என்னுடையது. அம்மா இரண்டு நாளாக என்னை ‘பூஜ்ஜியம் வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அன்றைக்குள் நாலு கட்டுத் தாள் திருத்த வேண்டும். வர முடியாது.

உன் அப்பா

பிப்ரவரி 21

அப்பாவுக்கு,

இரண்டாவதாக வந்தேன். ஒரு மீட்டர் எழுபத்து மூன்று. முதலாவதாக வந்தவள் எழுபத்தாறு தாண்டினாள். நான் எழுபத்தாறை மூன்று முறையும் தட்டிவிட்டேன்.

நீங்கள் வர முடியாது என்று எழுதியிருந்தும், ஒவ்வொரு முறை ஓடுவதற்கு முன்னும் பார்வையாளர் படிகளைப் பார்த்தேன். புத்திக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

சொன்ன சொல் மாறவில்லை. இன்று காலை காலணியை விளையாட்டு அறையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்று பயிற்சியாளர் கேட்டார். கணக்கு முடிந்துவிட்டது என்றேன்.

மகள்

பிப்ரவரி 24

என் கண்ணே,

நான் வந்திருந்தேன்.

படிகளில் இல்லை. உன் கண்ணில் பட்டால் உன் கால் தடுமாறுமோ என்ற பயம். வேலிக்கு வெளியே, தண்ணீர்க் குழாயருகே நின்றேன்.

போட்டிக்கு முந்தின நாள் வகுப்பறைச் சுவரில், மூன்றாம் சுற்றுத் தாளில் உன் கடைசிச் சுழிக்கு மேலே இருந்த ஒரு மீட்டர் எழுபத்து மூன்றில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதன் கீழே நின்று பார்த்தேன். எனக்கும் கோட்டுக்கும் நாலு விரல் இடைவெளி. முன் பெஞ்சுப் பெண், “சார், இது யாரோட உயரம்?” என்று கேட்டாள். என் மகள் தாண்டுகிற உயரம் என்றேன். பிள்ளைகள் எழுந்து வந்து கோட்டை அண்ணாந்து பார்த்தார்கள். சொன்ன எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆனால் சுவரில் பார்ப்பது வேறு. நீ வளைந்து ஓடி வந்தாய், கம்புக்கு முதுகைக் காட்டினாய், எழும்பினாய். அப்பன் முழுசாக நிமிர்ந்து நின்றாலும் அவன் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி போனாய். குழாயில் குடிக்க வந்தவர், “யாருக்காக வந்திருக்கீங்க?” என்று கேட்டார். “இப்ப மேல போச்சே, அது என் பொண்ணு” என்றேன்.

அப்புறம் அந்த மூன்று தப்பு. மூன்றாவது முறை கம்பு உன் மேலேயே விழுந்தது. நீ மெத்தையில் மல்லாந்தபடி சிரித்தாய். எழுந்து போய், ஜெயித்தவளுக்காகக் கை தட்டினாய். அவளும் அடுத்த உயரத்தை மூன்று முறை தட்டிவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முடியாத இடம் எதுவென்று தெரிகிறவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள். நான் ஒரு நாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. எனக்குத் தெரிந்த கணக்கை மட்டுமே போட்டு, எல்லாவற்றுக்கும் சரி வாங்கியவன் நான்.

அழுத முகத்தோடு உன்னிடம் வர வெட்கமாக இருந்தது. பஸ் ஏறிவிட்டேன். மன்னித்துவிடு.

நம் ஒப்பந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் நிஜமாகவே தப்பு என்றுதான் அர்த்தம்.

கடிதம் கிடைத்ததும் போய்க் காலணியைத் திரும்ப வாங்கு. அடுத்த சீசனிலும் குறையாமல் மூன்று தப்பு வாங்கிக்கொண்டு வா. நான் படிகளில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா