ரசீது இல்லாத பராமரிப்பு

மேசா, அரிசோனா
ஜூன், செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகன் கர்டிஸுக்கு,

நான் நலம். துலூத்தில் நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும். ஏசி நின்றுபோனதைப் பக்கத்து வீட்டு ரோசால்வா உனக்குப் போன் செய்து சொல்லிவிட்டாளாம். சொல்லட்டும். இரவில் அவள் வீட்டு சோபாவில் படுக்கிறேன். விடிந்ததும் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

வீட்டுக் காப்பீட்டுக்காரர்களைக் கூப்பிடச் சொன்னாய். அதனால் பயனில்லை. தீ, புயல், திருட்டு என்று திடீரென்று வந்து விழுவதற்குத்தான் காப்பீடு. ஓடி ஓடித் தேய்ந்துபோனதற்கு, ஆண்டுதோறும் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டும் வீட்டு வாரண்டி. உன் அப்பா இருந்தபோதும் அவர் போன பிறகும் அதைத் தவறாமல் புதுப்பித்தது இதற்காகத்தான். ஒப்பந்தம் முழுவதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டேன். வயதாகித் தேய்ந்த சாமானைச் சரிசெய்வது தங்கள் பொறுப்பு என்று அச்சிட்டிருக்கிறார்கள். வயதாகிவிட்டது, தூக்கி எறி என்று எங்கும் இல்லை.

ஏசி பழுது பார்க்கும் உன் நண்பனை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு நான் கோபப்பட்டதன் காரணமும் அதில் இருக்கிறது. அவர்கள் அனுப்பும் ஆள் பார்ப்பதற்கு முன் பழுதானதில் வேறு யார் கை வைத்தாலும் வாரண்டி போய்விடும்.

அவர்கள் அனுப்பிய பையன் டிரெண்ட் வந்தான். வருகைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டான். வெளியே இருக்கும் பெட்டியின் மேல் புழுதியைப் பார்த்ததும் பராமரிப்பு இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். போன வாரம்தான் புழுதிப் புயல் அடித்தது. ஊரில் யார் வீட்டில் புழுதி இல்லை?

"வருஷா வருஷம் ஆள் வந்து சர்வீஸ் பண்ணின ரசீது இருக்கா மேடம்?" என்றான்.

"ஏணி போட்டு ஏறினவ நான், ஃபில்டர் மாத்தினவ நான். எனக்கு நானே ரசீது எழுதிக்கணுமாப்பா?" என்று கேட்டேன். பாவம், படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் கம்பெனியிலிருந்து மறுப்பு வந்துவிட்டது.

விட்டேனா? போன் செய்து, ரசீது கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது, காட்டு என்றேன். போனை எடுத்த பெண் காத்திருக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போனை மேசைமேல் வைத்துவிட்டு பீன்ஸ் பொறுக்கி முடித்தேன். கடைசியில் மேலாளர் வந்தார். பராமரித்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, யார் செய்ய வேண்டும் என்று இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் செய்ததற்கு ஆதாரம் வேண்டுமாம்.

ஆதாரம் கராஜில் இருக்கிறது. பழைய ஃபில்டர்களைத் தட்டி, புழுதி நுழையாமல் அங்கே ஜன்னல்களில் செருகி வைப்பேனே, நீகூடச் சிரிப்பாய். மாட்டும்போதே ஒவ்வொன்றின் ஓரத்திலும் மார்க்கரால் தேதி எழுதுவது நம் வீட்டு வழக்கம். முதலில் உன் அப்பாவின் கையெழுத்து, பிறகு என்னுடையது. ரோசால்வா எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினாள். மறு ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வேறொரு டெக்னீஷியன் வருகிறார். அவரும் மறுத்தால், இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்துக்குப் புகார் எழுதுவேன். உறை தயாராக இருக்கிறது.

வசந்தத்தில் உனக்கு நான் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. "ஏசி நின்னுபோய் உன்னால சமாளிக்க முடியலைன்னா வீட்டை வித்துடலாம்மா" என்றாய், நானும் சரி என்றேன். ஏசி நின்றது. சமாளிக்க முடியவில்லை என்று யார் சொன்னது?

சனிக்கிழமை வீட்டுத் தரகரோடு வருவதாக ரோசால்வாவிடம் சொன்னாயாம். தரகர் வேண்டாம். சாமான் கட்டக் காலிப் பெட்டிகளும் வேண்டாம். நீ மட்டும் வா, திங்கள் வரை என்னோடு இரு. உட்கூரையில் இருக்கும் ஏசி ஃபில்டரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. புதியது வாங்கி வைத்திருக்கிறேன், தேதி மட்டும் எழுதவில்லை. இந்த முறை அதை நீ எழுது. ஏறுவது நான்தான். ஏணி இப்போது கொஞ்சம் ஆடுகிறது, நீ பிடித்துக்கொள்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இந்த வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா,
வெர்னா